சிந்தாத வண்ணம்

புனேயில் வாடகைக்கு வீடு பிடிக்கும்போது கையெழுத்தாகும் 11 மாத ஒப்பந்தத்தில் குழந்தை என்ற சொல் பெரும்பாலும் வருவதில்லை. சுவர் வரும். வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், தவறினால் பெயின்ட் அடிக்கும் செலவு முன்பணத்தில் பிடித்துக்கொள்ளப்படும் என்ற வாசகம் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் அப்பாவின் மடியில் இருக்கிற இரண்டு வயதுக் குழந்தைக்கு இந்த வாசகம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அப்பா கையில் இருப்பது கோடு போடும் பொருள் என்பதுதான்.

ஔந்த் பகுதியில் இது பல வீடுகளின் கதை. முளா ஆற்றங்கரைக் கிராமமாக இருந்து, புனே மாநகராட்சிக்குள் வந்து, அடுக்குமாடிகளால் நிறைந்த இடம் அது. ஒரு பக்கம் பல்கலைக்கழக வளாகம். தள்ளிப் போனால் பாஷாண் சாலையில் தேசிய ரசாயன ஆய்வுக்கூடம். இன்னொரு திசையில் ஹிஞ்ஜவடி மென்பொருள் பூங்கா. கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த இளம் தம்பதிகள் பரிஹார் சௌக்கையும் ப்ரெமன் சௌக்கையும் சுற்றியுள்ள தெருக்களில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுகளில் குடியேறுகிறார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ், வீட்டுக்காரருடைய சோஃபா. பாட்டி தாத்தா ஊரில். நடுவில் ஒரு குழந்தை.

அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயதில் ஒரு கண்டுபிடிப்பு நேர்கிறது. கையை அசைத்தால் கோடு வருகிறது. சாம்பாரில் விரலைத் தோய்த்து மேஜையில் இழுத்தாலும் வருகிறது. அம்மாவின் கண்மையைச் சுவரில் தேய்த்தாலும் வருகிறது. ‘ஐயோ, சுவத்துல வேண்டாம் கண்ணா’ என்ற குரல் அதன் பிறகுதான் கேட்கிறது. பெற்றோர் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் அவர்களுக்காகவே தயாராக இருக்கிறார்: சிந்தாத வண்ணம், கறை படாத வண்ணம், கை அழுக்காகாத வண்ணம். பிறந்த நாள் விருந்துகளில் விருந்தாளிக் குழந்தைகளுக்குத் திருப்பித் தரும் பரிசாகவும் இப்போது இவை போகின்றன.

இவற்றில் மூன்று வகைகள் பிரபலம். முதலாவது, தண்ணீர்ப் புத்தகம். பேனாவுக்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. வெள்ளையாக இருக்கும் பக்கத்தில் தேய்த்தால் யானை தெரியும், மயில் தெரியும். காய்ந்தால் மறையும். ஏற்கனவே அச்சான வண்ணப் படத்தின் மேல் ஒரு வெண்மையான பூச்சு இருக்கிறது. ஈரம் பட்டால் அது ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது, உலர்ந்தால் பழையபடி வெண்மையாகிறது. அவ்வளவுதான் மாயம். இரண்டாவது, தனக்கென்று செய்த காகிதத்தில் மட்டுமே நிறம் காட்டும் மார்க்கர். மையில் ஒரு பாதி ரசாயனமும் காகிதத்தில் மறு பாதியும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் நிறம். சோஃபாவில் தேய்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றாவது கடைச் சரக்கு அல்ல, வீட்டுச் சரக்கு. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இரண்டு மூன்று கரண்டி போஸ்டர் கலர், காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடி, விளிம்பில் டேப் ஒட்டி, ஜன்னல் கண்ணாடியில் பதித்துவிட வேண்டியது. குழந்தை வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே வண்ணம் விலகி வழிவிடும். விரலுக்குப் பின்னால் வெளிச்சம் கோடாக ஓடும்.

மூன்றுமே அமைதியைத் தருகின்றன. மூன்றிலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குழந்தை வரைகிறதா?

இந்தக் கேள்விக்கு வெறும் அபிப்பிராயத்தை வைத்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1968இல் ஜேம்ஸ் கிப்ஸன், பட்ரீஷியா யோனாஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனையைப் பற்றி எழுதினார்கள். 15 முதல் 38 மாதம் வரையிலான குழந்தைகளிடம் கிறுக்குவதற்கு இரண்டு கருவிகள் தரப்பட்டன. ஒன்று கோடு விழும் கருவி. மற்றது பார்க்க அதே போலத்தான், ஆனால் கோடு விழாது. கை அசைவதுதான் குழந்தைக்கு இன்பம் என்றால் இரண்டையும் ஒரே மாதிரி ஆட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. கோடு விழாத கருவியைக் கொடுத்தபோது கிறுக்கல் குறைந்துபோனது. கை ஆடுவதற்கான கூலி, கையின் தடம்தான். ‘நான் அசைத்தேன், இது வந்தது’ என்று கண் சொல்வதைக் கேட்கத்தான் கை திரும்பத் திரும்பப் போகிறது.

சான்ஃபிரான்ஸிஸ்கோவில் பாலர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக், குழந்தைகளின் படங்களைச் சேர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். சேர்ந்தவை லட்சக்கணக்கில். அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்து, சின்னக் குழந்தைகளின் கிறுக்கல்கள் 20 அடிப்படை வகைகளுக்குள் அடங்குவதாக அவர் வகைப்படுத்தினார்: புள்ளி, நேர்கோடு, குறுக்குக்கோடு, வளைவு, சுழி, மூடிய வட்டம் என்று. அதிலிருந்துதான் பின்னால் சூரியன் வருகிறது, சூரியனுக்குக் கண்ணும் வாயும் வந்து மனிதன் வருகிறான். ‘அ’ எழுதுவதற்கான சுழியும் அங்கேதான் பிறக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் கிறுக்கலைப் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்கும் பெரியவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். அது எதுவும் அல்ல. அது ஒரு கோடு, அவ்வளவுதான். அந்த வயதுக்கு அது போதும்.

இந்த அளவுகோலை வைத்துக் கடைச் சரக்கைப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. தண்ணீர்ப் புத்தகத்தில் குழந்தை எந்தப் பக்கம் தேய்த்தாலும் வருவது அதே யானைதான். மேலிருந்து கீழே இழுத்தாலும், சுழித்தாலும், குத்தினாலும் யானைதான். கோடு குழந்தையுடையது அல்ல, அச்சகத்துடையது. குழந்தை திரையை விலக்குகிறது, அவ்வளவே. ரயிலில் புனேயிலிருந்து சென்னைக்குப் போகும் இருபது மணி நேரத்துக்கு அது நல்ல துணை. அதை வரைதல் என்று கணக்கில் எழுதக் கூடாது. பிளாஸ்டிக் பையில் தடம் உண்டு, அது குழந்தையின் தடமே. ஒன்றரை வயதுக்கு அது நல்ல ஆரம்பம். ஆனால் பிசுபிசுப்பும் ஈரமும் காகிதத்தின் சொரசொரப்பும் அதில் கிடையாது, வைத்துக்கொள்ள ஒரு படமும் மிஞ்சுவதில்லை. மேலும் பிளாஸ்டிக் பை பிளாஸ்டிக் பைதான். கண்ணாடியிலோ மேஜையிலோ நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் கழற்றி எடுத்துவிட வேண்டும். மார்க்கரில் கோடு குழந்தையுடையதுதான். குறை என்னவென்றால், அந்தக் காகிதம் தீர்ந்ததும் மார்க்கர் ஊமையாகிவிடுகிறது. பிறகு திரும்பவும் கடைக்குப் போக வேண்டும்.

ஆக, சிந்தலை நீக்கலாம். தடத்தை நீக்கிவிடக் கூடாது. கோடு யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் எந்தப் பொட்டலத்தை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துவிடும்.

சிந்துவது ஒரு பிரச்சினையாக மாறியதே சமீபத்தில்தான். குழந்தைகள் மாறவில்லை. வீடு மாறியது. வீட்டுக்கு வாசல் இருந்த காலத்தில் சிந்துவதற்கென்று ஓர் இடம் இருந்தது. விடிகாலையில் தண்ணீர் தெளித்துப் போட்ட கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும் என்பது போடுகிறவளுக்கே தெரியும். அம்மா கோலம் போட்டு முடித்ததும் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மாவை எடுத்து ஓரத்தில் தன் பங்குக்கு ஒரு கோணல் வட்டம் போட்ட சிறுமியை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மறுநாள் காலையில் அதுவும் சேர்ந்தே கழுவப்படும். சிலேட்டும் அப்படித்தான். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்த தலைமுறைக்கு ஒரே பலகையில் ஆயிரம் படம் வரையத் தெரிந்திருந்தது.

ஔந்த் அடுக்குமாடிகளில் பல கதவுகளுக்கு முன்னால் இப்போது இருப்பது கோல ஸ்டிக்கர். மகாராஷ்டிரக் குடும்பங்களின் கதவுக்கு முன்னால் ரங்கோலி ஸ்டிக்கர். மாவு பறக்காது, மிதித்தாலும் கலையாது, பண்டிகை வந்தால் மட்டும் மாற்றினால் போதும். அம்மாக்களுக்கும் சிந்தாத வண்ணம் வந்துவிட்டது. குழந்தைக்கு மட்டும் தண்ணீர்ப் புத்தகம் கொடுத்துவிட்டதாகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. வீடே அப்படித்தான் ஆகிவிட்டது.

முற்றத்தின் அருமையை மகாராஷ்டிரத்தில் நன்றாகப் புரிந்துகொண்டவர் தாராபாய் மோடக். 1892இல் பிறந்தவர். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் குழந்தைக் கல்வியில் உழைத்துவிட்டு, 1945இல் கடலோரக் கிராமமான போர்டியில் பாலர் கல்வி மையத்தைத் தொடங்கினார். பிறகு அனுதாய் வாகுடன் கோஸ்பாட் குன்றுக்குப் போனார். சுற்றிலும் வார்லி பழங்குடிக் குடியிருப்புகள். பள்ளிக்கு வராத குழந்தையைத் தேடிப் பள்ளி போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பள்ளி போய் உட்கார்ந்த இடம் குடிசைகளின் முற்றம். மராட்டியில் முற்றத்துக்கு ‘அங்கண்’ என்று பெயர். இன்று நாடெங்கும் புழங்கும் அங்கன்வாடி என்ற சொல்லுக்குள் அந்த முற்றம் இருக்கிறது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது.

தாராபாய் சென்ற பகுதியில் சுவரைப் பற்றிய கருத்தும் வேறு. வார்லி வீடுகளில் கல்யாணம் என்றால் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவுக் கரைசலால் பெண்கள் சித்திரம் எழுதியாக வேண்டும். தூரிகை, முனையை மென்று நார் நாராக்கிய மூங்கில் குச்சி. வெளுத்தால் திரும்ப மண் பூசித் திரும்ப எழுதுவார்கள். பின்னாளில் ஜீவ்யா சோமா மஷே அந்தக் கோடுகளைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்து உலகத்துக்குக் காட்டினார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். மும்பையிலும் புனேயிலும் வரவேற்பறைச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டப்படும் வார்லிப் படம், சுவரிலேயே வரைய அனுமதித்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. அதைப் பார்த்துக் குழந்தை சுவரில் ஒரு வட்டம் போட்டால் மட்டும் நமக்குப் பதறுகிறது.

முற்றத்தை ஆறாவது மாடிக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அங்கணம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு வாழ்க்கையும் உண்டு. திருக்குறளிலேயே இடம்பெற்ற பழைய சொல் அது. தென்மாவட்ட வீடுகளில் பாத்திரம் கழுவவும் கைகால் அலம்பவும் வீட்டுக்குள்ளேயே பள்ளமாக விட்டிருக்கும் ஈர இடத்தை அங்கணம், அங்கணக்குழி என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அந்த அங்கணம் எல்லா ஃப்ளாட்டிலும் இருக்கிறது. அதற்கு இப்போதைய பெயர் பாத்ரூம்.

விரல்களால் வண்ணம் தீட்டும் கலையே ஒரு குளியலறையில் பிறந்ததாகத்தான் சொல்கிறார்கள். ரூத் ஃபெய்சன் ஷா என்ற அமெரிக்க ஆசிரியை 1920களில் ரோம் நகரில் ஒரு சிறு பள்ளி நடத்தினார். காயம்பட்ட ஒரு மாணவனை அயோடின் போட்டுக்கொண்டு வரச் சொல்லிக் குளியலறைக்கு அனுப்பினார். போனவன் வரவில்லை. போய்ப் பார்த்தால் பையன் அயோடினை விரலால் எடுத்து அங்கே பூசிக்கொண்டிருக்கிறான். பெரும்பாலான ஆசிரியர்கள் பிரம்பைத் தேடியிருப்பார்கள். ஷா, குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாத, கழுவினால் போய்விடுகிற ஒரு குழைவான வண்ணத்தைத் தயாரிக்க முனைந்தார். 1934இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவர் வண்ணத்தைப் பைக்குள் அடைக்கவில்லை, பையனின் கையையும் கட்டிப்போடவில்லை. கழுவிவிடக்கூடிய பொருளும் கழுவிவிடக்கூடிய இடமும் கிடைத்தால் மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் என்று கண்டுகொண்டார்.

ஔந்த் ஃப்ளாட்டில் இதைச் செய்வது சுலபம். ஒரு கப் மைதாவை மூன்று கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிட்டிகை உப்பு போட்டு, அடுப்பில் கூழ் பதத்துக்குக் காய்ச்சி ஆற வைத்தால் வண்ணத்தின் உடம்பு தயார். பீட்ரூட் சாறு கலந்தால் ரோஜா நிறம். பசலைக் கீரையை அரைத்து வடித்தால் பச்சை. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுக்கு இதுவே உத்தமம். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், புளித்துவிடும். குழந்தையை ஜட்டியோடு பாத்ரூமில் விட்டு, டைல்ஸ் சுவரை அதற்கே ஒதுக்கிவிட வேண்டியது. குளிக்கும் நேரத்துக்கு அரைமணி முன்னால் செய்தால் படத்தையும் ஓவியரையும் ஒரே தண்ணீரில் கழுவலாம். இரண்டு எச்சரிக்கை. வாளியில் தண்ணீர் இருக்கக் கூடாது. சிறு குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரும் ஆபத்து. கெய்சர் குழாயை மூடிவிட வேண்டும். கதவுக்கு வெளியே நின்று கைபேசி பார்ப்பது மேற்பார்வை ஆகாது.

மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம் என்று அம்மாக்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். மஞ்சளைப் போலக் கறை படிவது வேறில்லை. ஆனால் அதற்கும் மருந்து உண்டு. மஞ்சளின் நிறப்பொருள் வெயிலுக்குத் தாங்காது. துவைத்துவிட்டு, ஈரத்தோடு தக்காணத்து வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்யும் அதே வேலையைத்தான் சோப்பில் உள்ள காரமும் செய்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு இதை வேடிக்கை காட்டலாம். வெள்ளை மெழுகுவர்த்தியால் காகிதத்தில் கிறுக்கச் சொல்லி, மேலே மஞ்சள் தண்ணீரைத் தடவினால், மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். கண்ணுக்குத் தெரியாமல் தான் போட்ட கோடு தன் கண் முன்னாலேயே எழுவதைப் பார்ப்பது, அச்சகம் போட்ட யானையைப் பார்ப்பதைவிடப் பெரிய ஆச்சரியம்.

இதையெல்லாம்விட மலிவானது ஒன்று உண்டு: ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பழைய தூரிகை. புனே வீடுகளின் சமையலறை மேடைகளிலும் பால்கனித் தரைகளிலும் கடப்பா கல்லோ கோட்டா கல்லோ பதித்திருப்பது சகஜம். ஈரம் பட்ட இடத்தில் கல் கருக்கும். கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் தண்ணீர் போனதும் ஒளி சிதறித் திரும்புவது குறைகிறது. அதனால் அந்த இடம் அடர்த்தியாகத் தெரிகிறது. குழந்தை போட்ட கோடு போட்ட மாதிரியே நிற்கும். ஏப்ரல் வெயிலில் சில நிமிடங்களில் காய்ந்து மறையும், ஜூலை மழையில் வெகுநேரம் இருக்கும். கறை இல்லை, காகிதம் இல்லை, செலவில்லை. கோடைக்காலத்தில் டேங்கர் லாரியை நம்பும் அடுக்குமாடிகள் இந்தப் பகுதியில் ஏராளம். அங்கேயும் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்ப் புத்தகத்துக்கும் இதற்கும் மூலப்பொருள் ஒன்றுதான். வித்தியாசம், இங்கே வருவது குழந்தையின் யானை. அது யானை மாதிரி இருக்காது, அதனால் என்ன?

வைத்துக்கொள்ளப் படம் வேண்டும் என்றால் செருப்பு அட்டைப்பெட்டி போதும். அடியில் காகிதம், வண்ணத்தில் தோய்த்த ஒரு பெரிய எலுமிச்சம்பழம், மூடியை மூடி டேப் ஒட்டிக் குலுக்கினால் உள்ளே கோடுகள் ஓடும். கோலிக்குண்டு மூன்று வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே தொண்டையில் சிக்கும். குப்பையில் போகும் பொருளில் பொம்மை பார்க்கும் வித்தை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஔந்த்தை ஒட்டிய பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வானியல் ஆய்வு மையமான ‘அயூகா’வில், எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே அறக்கட்டளையின் நன்கொடையில் எழுந்த குழந்தைகள் அறிவியல் கூடம் இருக்கிறது. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அர்விந்த் குப்தா அங்கேதான் பல ஆண்டுகள் தீக்குச்சியிலும் பழைய செய்தித்தாளிலும் உறிஞ்சு குழலிலும் பொம்மை செய்து காட்டினார். விலை உயர்ந்த பொம்மையைக் குழந்தை தொடப் பெரியவர்கள் பயப்படுவார்கள், குப்பையில் செய்த பொம்மையைத் தாராளமாகத் தொடலாம், பிரிக்கலாம், உடைக்கலாம் என்பது அந்த வேலையின் உட்பொருள். வண்ணத்துக்கும் அது பொருந்தும்.

கடையில் வாங்குவதானால் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். 2021 ஜனவரி 1ஆம் தேதி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தத் தர விதிகளில் விரலால் தீட்டும் வண்ணத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ‘நச்சற்றது’ என்று அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடிப்பது எளிது. முத்திரையைத் தேடிப் பார்ப்பது நல்லது. சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் டப்பாவைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. வீட்டு உபயோக பெயின்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களும், அதற்கு முன்னால் பூசிய பூச்சு உதிரும் சுவர்களும் இன்னும் இருக்கின்றன. சுவரைக் குழந்தையிடமிருந்து காப்பாற்றுவது ஒரு கவலை என்றால், குழந்தையைச் சுவரிடமிருந்து காப்பாற்றுவது இன்னொன்று.

ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. ‘குழந்தை என்றால் சிந்தத்தான் செய்யும், விடுங்கள்’ என்று பெருந்தன்மையாகச் சொல்கிறவர் பெரும்பாலும் துடைக்கிறவர் அல்ல. துடைப்பவர் அம்மா. அல்லது காலையில் வேலைக்கு வரும், குழந்தை ‘மாவ்ஷி’ என்று கூப்பிடும் மராட்டியப் பெண். நான்கு வீடுகளில் தரை துடைத்துவிட்டு ஐந்தாவது வீட்டுக்கு வருகிறவருக்கு, காய்ந்து ஒட்டிய போஸ்டர் கலரில் குழந்தையின் படைப்பாற்றல் தெரியாது. அலுவலகத்திலிருந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பி மறுநாளுக்கு மாவு அரைக்க வேண்டிய அம்மாவுக்கும் தெரியாது. சிந்தாத வண்ணப் பெட்டியை அவர் வாங்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை. அரைமணி நேரத்தை அவர் விலை கொடுத்து வாங்குகிறார். எனவே இந்தப் பேச்சில் அப்பாக்களுக்கும் ஒரு துணி வேண்டும். தன் பழைய சட்டையைக் குழந்தைக்குப் பின்புறம் முன்னாக மாட்டிவிட்டால் அது நல்ல மேலங்கி. பழைய பெட்ஷீட்டை விரிப்பதும், முடிந்ததும் குழந்தையையே கூட்டிக்கொண்டு துடைப்பதும் அவர் வேலை. இரண்டரை வயதுக்கு வரைவதைப் போலவே துடைப்பதும் விளையாட்டுதான். ஈரத்துணியும் தடம் விடும். எமல்ஷன் சுவரில் க்ரேயான் பட்டால் ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடாவைத் தொட்டு மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பால்பாயின்ட் போகாது. அதை உயரத்தில் வைப்பதுதான் வழி.

மாவ்ஷியின் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாம். அது அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கலாம். கல்யாணப் பரிசாகவோ பிறந்த நாள் பரிசாகவோ அதற்கு மார்க்கர் செட் வந்து சேராது. சிலேட்டும் ஈரத்துணியும் கிடைக்கும். தரையும் தண்ணீரும் கிடைக்கும். கிப்ஸனின் சோதனையில் குழந்தைகள் கேட்டது இவ்வளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆறாவது மாடிக் குழந்தைக்கும் அதற்கும் இந்த ஒரு விஷயத்திலாவது பெரிய இடைவெளி இருக்க வேண்டியதில்லை.

வருஷத்தில் ஒரு நாள் ஔந்த் தன் சுத்தத்தை மறக்கிறது. ஹோலிக்குப் பின் ஐந்தாம் நாள் வரும் ரங்கபஞ்சமி மகாராஷ்டிரத்தின் வண்ணத் திருநாள். அன்றைக்கு அடுக்குமாடிகளின் கார் நிறுத்தும் இடங்களில் பெரியவர்களே ஒருவர் மேல் ஒருவர் வண்ணம் பூசுகிறார்கள். கட்டிடக் கமிட்டிச் செயலாளரும் பச்சை முகத்தோடு நிற்கிறார். மறுநாள் தரை கழுவப்படுகிறது; கட்டிடம் ஒன்றும் இடிந்துவிடுவதில்லை.

அந்தக் கமிட்டிகளிடம் கேட்கக்கூடிய ஒரு கோரிக்கை இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு காருக்கும் மஞ்சள் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறார்கள். பூங்காவில் புல்லை மிதிக்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், மூன்றடி உயரத்துக்கு, வழுவழுப்பாகப் பூசிய ஒரு சிமென்ட் சுவரைக் குழந்தைகளுக்கு என்று விட்டுவிடலாம். கரித்துண்டு, சாக்பீஸ், செங்கல் துண்டு, தண்ணீர், எது வேண்டுமானாலும். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு அப்பா குழாயைத் திறந்து கழுவிவிடலாம். முன்பணத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒரு கார் நிற்கும் இடம் போதும்.